ஒன்பதாவது குறை

1

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலையிலிருந்து திரும்பியபோது கீழ்வீட்டுக்காரர் எனக்கு வந்த தட்டையான பொட்டலம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். உள்ளே ஓர் இசைத்தட்டு. உறையில் படம் இல்லை, பெயர் இல்லை. வெள்ளை அட்டையில் 'மாதிரி' என்று ஜெர்மன் மொழியில் பேனாவால் எழுதியிருந்தது. அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியைக் கேட்டுவிட்டு ஒப்புதல் சொல்ல வேண்டும். அதற்குக் கடைசி நாள் அடுத்த திங்கள்.

தட்டு என் தோழி ஜெபாவுடையது. டிரம்பெட் வாசிப்பவள், இருபத்தேழு வயது, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். தட்டின் பெயர் 'பகல் தூக்கம்'. அவளே குழுவைச் சேர்த்து, அவளே மெட்டமைத்து, அவள் பெயரில் வரும் முதல் ஜாஸ் தட்டு. ஜாஸில் குழுத் தலைவர் என்றால் முன்னால் நிற்பவர் என்று மட்டும் பொருள் இல்லை. யார் வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவர். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மறந்தேன்.

தலைப்புப் பாட்டில் ஊசியை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கடிகாரத்தையும் ஓடவிட்டேன். என் குறிப்பேட்டில் அந்தப் பாட்டு ஏழு நிமிடம் நான்கு விநாடி. தட்டில் ஆறு நிமிடம் ஐம்பத்து மூன்று. பதினோரு விநாடி குறைவு. எனக்கு முதலில் வந்தது திருப்தி. நான் எழுதிக் கொடுத்த குறை சரிசெய்யப்பட்டிருக்கிறது என்ற திருப்தி. நான் இங்கே ஜெர்மனியில் ஓர் அளவியல் ஆய்வகத்தில், எதையும் அளந்து குறை எழுதும் வேலை செய்பவள். என் வேலையில் சந்தோஷம் என்பது பெரும்பாலும் இந்த அளவுதான்.

மாதிரியின் ஒலிக்கோப்பு ஜெபாவுக்கும் போயிருந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் அழைத்தாள். அங்கே மாலை மூன்றரை, அவளுக்கு முதல் ஷிப்ட் முடிந்திருந்தது.

"ஏட்டி யமுனா, அந்தப் பதினோரு செகண்டு எங்க போச்சு?"

"எடுத்தாச்சுடி. நான்தான் லிஸ்ட்ல போட்டேன். நீங்க வாசிக்க மறந்துட்டு நின்ன எடம்."

அவள் பக்கத்தில் கம்பெனி பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"மறந்துட்டு நின்னோமா," என்றாள். "சரி. தேவா அண்ணனுக்குப் போட்டுக் காமிச்சேன். தட்டுல எம்பேரு வேண்டாங்காரு. நான் அடிச்சதையும் எடுத்துருங்காரு."

தேவா அவள் குழுவின் டிரம்மர். ஏழு பாட்டிலும் அவர் இருக்கிறார். அவரை எடுத்தால் தட்டு இல்லை. அச்சுக்கு ஐந்து நாள் இருந்தது.

2

நாங்கள் இருவரும் பழகியது வடக்குப்பட்டு சாலையில் இருந்த பெண்கள் விடுதியில். என் வீடு சேரப்பணஞ்சேரி, பக்கத்திலேயே. ஆனாலும் பயிற்சியில் இருக்கும் பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நைட் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் நேராக விடுதி வாசலில் இறக்கிவிடும். என் அப்பா ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போவார், நான் உள்ளே தூங்குவேன்.

ஜெபா நாசரேத் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்து பேண்டில் ஆறு வருடம் டிரம்பெட் வாசித்தவள். இசைக்குறிப்பைத் தாளில் பார்த்து வாசிப்பாள், எழுதவும் செய்வாள். டிப்ளமோ முடித்து ஒரகடம் வந்தபோது ஒரு சூட்கேஸ், ஒரு டிரம்பெட் பெட்டி. வார்டன் முதல் நாளே பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இது எதுக்கு?"

"வாசிக்கதுக்கு மேடம்."

"இங்க வாசிக்கக் கூடாது."

"வாசிக்காம வச்சிக்கிடுதேன் மேடம்."

வைத்துக்கொண்டாள். டிரம்பெட்டின் வாய்க்குள் துண்டைச் சுருட்டித் திணித்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பாள். கிட்டத்தில் நின்றால்தான் கேட்கும், யாரோ மூக்கடைத்துக்கொண்டு பாடுவது போல. ஜாஸ் அவளுக்குக் கைபேசியில் வந்தது. ஒரு காதில் அவள், மறு காதில் நான், ஒரே இயர்போன். எனக்குப் பாதி புரியாது. பாட்டின் நடுவில் எல்லோரும் விலகி ஒருவருக்கு வழி விடுவார்களே, அது மட்டும் பிடித்தது.

எட்டுப் பேருக்கு ஓர் அறை, இரண்டடுக்குக் கட்டில்கள். பகலில் தூங்க வேண்டும் என்பதால் சன்னல்களில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டியிருந்தோம். வராந்தாவில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. அது எங்களைப் பார்த்து மாட்டியிருந்தது. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். லாரிக்காரர்களைப் பார்த்து ஒரு பலகையும் இல்லை. தூங்குகிறவர்கள்தான் சத்தம் போடக் கூடாது என்று எந்த அதிகாரி யோசித்தாரோ தெரியாது. அப்போது எனக்கு இது உறைக்கவே இல்லை. களைப்பில் படுத்தால் பஸ் வரும் நேரத்துக்கு எழுப்பினால்தான் எழுவேன். இரண்டு வருடத்தில் பாதியை அந்த அறையில் நான் தூங்கிக் கழித்தேன்.

3

தட்டு ஜெர்மனிக்கு வந்த கதையில் எனக்குப் பங்கு உண்டு. இங்கே என் வீட்டிலிருந்து நாலாவது தெருவில் மார்ட்டின் என்பவர் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறார். வருடத்துக்கு மூன்று நான்கு புதிய தட்டுகளை அவரே வெளியிடுவார். ஜெபாவின் குழு கைபேசியில் பதிந்த ஒரு பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டார். பிறகு, "டிரம்மர் யார்?" என்று கேட்டார். அங்கிருந்து தொடங்கியது.

ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவரை வைத்துப் பதிவு செய்தார்கள். நான்கு பேர். ஜெபா. தேவா. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர். தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் பாஸ் கிடார்க்காரர். தேவா கிடங்கு ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார், விடுமுறை நாளில் பென்னலூர் பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறார். கல்யாணம், கோயில், அதைவிட அதிகமாகச் சாவு.

இதைச் சொன்னதும் நம் ஆட்களின் முகம் எப்படி மாறும் என்று தெரியுமா? என் சித்தி போனில் கேட்டார்: "டிரம்பெட்டுன்னா சாவுக்கு ஊதுவாங்களே, அதுவா? அதுக்கு இன்னாத்துக்கு ஜெர்மனியில தட்டு போடறாங்க?" இங்கே தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் ஒருவர், நல்ல மனிதர், கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு சொன்னார்: "பாவம், சினிமால வாசிக்க சான்ஸ் கிடைக்கல போல." ஒருவருக்கு அது இழிவான வேலை, இன்னொருவருக்குத் தோற்றவர்களின் வேலை. ஒரு பாட்டையாவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றால் இரண்டு பேருக்கும் நேரம் இல்லை.

வெள்ளைக்காரர்கள் வேறு மாதிரி. மார்ட்டின் எழுதிய அறிமுகக் குறிப்பின் முதல் வரி: 'முறையான பயிற்சி இல்லாத தொழிலாளிகள், இயந்திரங்களின் இரைச்சலிலிருந்து பிறந்த இசை.' ஆறு வருடம் பள்ளி பேண்டில் இருந்தவளுக்குப் பயிற்சி இல்லையாம். பதினான்கு வயதிலிருந்து தெருவில் நடந்துகொண்டே தாளம் பிசகாமல் அடிப்பவருக்குப் பயிற்சி இல்லையாம். உறைக்கு யூனிபார்மோடு தொழிற்சாலை வாசலில் எடுத்த படம் வேண்டும் என்றும் கேட்டார். ஜெபா சொன்னாள்: "நான் யூனிபார்ம் போட்டுக்கிட்டா வாசிக்கேன்? அவரு கடையில அவரு துண்டு கட்டிட்டு நிக்கிற படம் கேட்டேனா?" பின்பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. 'முறையான பயிற்சி இல்லாத' என்பதை அடித்துவிட்டேன். 'இரைச்சலிலிருந்து பிறந்த' என்பதை விட்டுவைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு, வாசித்தவர்களுக்கு உரிமைத் தொகை போய்ச் சேர இங்குள்ள அலுவலகம் கேட்கும் பதிவுப் படிவங்கள். ஒவ்வொரு கலைஞருக்கும் நான்கு பக்கம். வாத்தியத்துக்கு ஒரு குறியீட்டு எண் போட வேண்டும், தேவாவின் டிரம்முக்கு எண் இல்லை. பேண்டு செட்டின் பெரிய டிரம்மைப் படுக்கப் போட்டு, வெல்டிங் கடையில் செய்த மிதிகட்டை வைத்து காலால் அடிக்கிறார். 'மற்றவை' என்று போட்டால் கணினி விளக்கம் கேட்டது. விளக்கம் எழுதினால் இடம் போதாது என்றது. பென்னலூரில் அவர் வீட்டுக்குக் கதவு எண் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பூஜ்யம் போட்டேன், அப்படி ஒரு வீடு இருக்க முடியாது என்று கடிதம் வந்தது. வீடு இருக்கிறது, மனிதர் அதில் குடியிருக்கிறார், உங்கள் கட்டம்தான் சிறியது என்று பதில் எழுதினேன். மூன்று வாரம் சண்டை போட்டு அவர் பெயரை உள்ளே ஏற்றினேன்.

அதனால்தான் "எம்பேரு வேண்டாங்காரு" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஏற்றுவதற்கு நான் பட்ட பாடு இவருக்குத் தெரியுமா என்று தோன்றியது.

பட்டியல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு முடிந்ததும் ஜெபா பாட்டுகளை அனுப்பி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'கேட்டுப் பாரு, பிடிச்சிருக்கான்னு சொல்லு.' நான் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பதினேழு குறைகள் கொண்ட அட்டவணை தயாரித்தேன். பாட்டு, நிமிடம், விநாடி, குறையின் தன்மை, பரிந்துரை. மின்விசிறிச் சத்தம், மைக்கில் மூச்சு, எங்கோ பாத்திரம் விழும் ஓசை. ஒன்பதாவது இது: 'தலைப்புப் பாட்டு. நான்காவது நிமிடம். பதினோரு விநாடி இசை இல்லை. காலடி ஓசை மட்டும். நுழைவைத் தவறவிட்டதாகத் தெரிகிறது. நீக்கவும்.' ஜெர்மன் மொழியில் எழுதி நேராக மார்ட்டினுக்கு அனுப்பி, ஜெபாவுக்கு ஒரு நகல் வைத்தேன். அவள் அந்த வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்தாள். இணைப்பைத் திறக்கவில்லை. குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் நான்தான் என்று மார்ட்டின் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

4

வியாழன் மதியம் மறுபடியும் அழைப்பு. "நீயே அவருட்ட பேசு, நான் பேச மாட்டேன்," என்று ஜெபா போனை தேவாவிடம் கொடுத்தாள். பென்னலூரில் டீக்கடை வாசலில் இருந்தார்கள். கண்ணாடி டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மேடம்."

என்ன பேசுவது என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். "உங்க கருத்தைப் புரிஞ்சுக்கறேன். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தறேன். மேற்கொண்டு என்ன செய்யலாம்னு பார்த்து உங்களுக்குத் தகவல் சொல்றேன்."

"இன்னா மேடம், கஸ்டமர் கேர்ல பேசறாப்புல பேசறீங்க. அடுத்து ஒன்னை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லுவீங்களா?"

பின்னால் ஜெபா சிரித்தாள். ஐந்து வருடமாக நான் அலுவலகத்தில் பேசும் பேச்சை அப்படியே தமிழில் பேசியிருக்கிறேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. தாளை மடித்து வைத்தேன்.

"சரிண்ணா. நேராவே கேக்கறேன். அந்த எடத்துல இன்னா வாசிச்சீங்க?"

"ஒன்னும் வாசிக்கல."

"அதான் எடுத்தேன்."

"வாசிக்கலன்னு தெரிஞ்சிது இல்ல. ஏன் வாசிக்கலன்னு ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு தோணலியா?"

அவரே தொடர்ந்தார்.

"வடக்குப்பட்டு ரோட்ல லேடீஸ் ஆஸ்டல் கீதே, மஞ்ச காம்பவுண்டு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன்."

"அங்கயா? இன்னா ஷிப்டு?"

"பாதிக்கு மேல நைட்டு."

"அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்," என்றார். ஏளனம் இல்லாமல்தான் சொன்னார். "தூங்கிகினு இருந்திருப்பீங்க."

பிறகு அவர் சொன்னதை முடிந்த வரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"சுடுகாட்டுக்கு அந்த ரோடுதான் மேடம். சுத்துப்பட்டு ஊரு சாவு எல்லாம் அந்த காம்பவுண்டைத் தாண்டித்தான் போவணும். எந்தங்கச்சி சுமதி அப்போ அதே ஆஸ்டல்ல மேல்மாடி. டிரெய்னிங்ல இருந்தா. ஒருநாள் லீவுக்கு வூட்டுக்கு வந்தவ சாப்பாட்டுத் தட்டாண்டயே தூங்கிட்டா. எழுப்பிக் கேட்டா, நேத்து மத்தியானம் உங்க டிரம்மு சத்தத்துல கண்ணே மூடலண்ணா, நைட்டு லைன்ல கண்ணு சொருகி கையி மெஷினுக்குள்ள போவப் பாத்திச்சுன்றா. அன்னிக்கு செட்டு ஆளுங்க எல்லாம் பேசினோம். கோயில் வந்தா நிறுத்தறோம். ஆஸ்பத்திரி வந்தா நிறுத்தறோம். இதுவும் அப்பிடித்தான்னு வச்சிகினோம். காம்பவுண்டு ஆரம்பிக்கற எடத்துல நிறுத்துவோம், முடியற எடத்துல எடுப்போம். நடுவுல காலு மட்டும்."

"சாவு வூட்டுக்காரங்க ஒன்னும் சொல்லலியா?"

"சொல்லாம? காசு வாங்கிகினு சும்மா நடக்கறீங்களாடான்னு ஒருத்தரு சட்டையைப் புடிச்சாரு. உங்க அப்பாவும் தூங்கறாரு, உள்ள பொண்ணுங்களும் தூங்குது, யாரை எழுப்பணும்னு சொல்லுங்க, அடிக்கறேன்னேன். விட்டுட்டாரு."

அதற்குள் ஜெபா போனை வாங்கிவிட்டாள். பேச மாட்டேன் என்றவள் நிறுத்தாமல் பேசினாள்.

"ஒருநா எனக்கு வீக் ஆஃப், ரூம்லதான் இருந்தேன். சத்தம் வந்துட்டே இருந்துச்சு, டப்புன்னு நின்னுட்டு. என்னான்னு அட்டையை நீக்கிப் பாத்தா, பாடையைத் தூக்கிட்டுப் போறாவ. டிரம்பெட்டு வாயில இருக்கு, ஊதல. குச்சி கையில இருக்கு, அடிக்கல. காலு மட்டும் தாளத்துல போவுது. காம்பவுண்டு முடிஞ்ச எடத்துல, ஒரு சைகை கிடையாது, எண்ணிக்கை கிடையாது, அத்தன பேரும் ஒண்ணாப்புல எடுத்தாவ பாரு. நான் செருப்பு கூட போடாம ரோட்டுக்கு ஓடுனேன். யாருண்ணே நீங்கன்னு தேவா அண்ணன்ட்ட அன்னைக்குத்தான் கேட்டேன். இந்தக் குழுவே அந்த எடத்துல இருந்து வந்ததுதான்."

"நான் எங்கடி இருந்தேன்?"

"எனக்குக் கீழ் கட்டில்ல. வாயத் தொறந்துட்டுத் தூங்கிட்டிருந்த."

அவர்கள் எனக்காகவும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல. இரண்டு வருடமாக, எத்தனை சாவுகளோ, அத்தனை முறை. அதைத்தான் நான் குறை என்று எழுதி, விநாடி போட்டு, நீக்கச் சொல்லியிருந்தேன்.

"முழு காம்பவுண்டுக்கும் நிறுத்துனா ரெண்டு நிமிசத்துக்கு மேல ஆவும்," என்றாள் ஜெபா. "தட்டு தாங்காதுன்னு நான்தான் பதினோரு செகண்டா கொறச்சேன். அதையும் புடுங்கிட்டியேட்டி."

5

எனக்குச் சாக்குகள் இருந்தன. எங்கள் பக்கம் சாவு ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் பேண்டு செட்டுக்காரர்கள் எங்கே அடிப்பார்கள், எங்கே நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் ஜெபாவுக்கும் வழியில்லைதான். அவள் அட்டையை நீக்கிப் பார்த்தாள்.

இங்கே தமிழர்கள் கூடினால் பேச்சு கடைசியில் பிள்ளைகளிடம் போய் நிற்கும். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறான், ஊருக்கு வரமாட்டேன் என்கிறாள், நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சின்போது ஏதோ தேர்வில் தப்பித்தவள் போல உட்கார்ந்திருப்பேன். என் காது எப்போது விலகிப்போனது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் தமிழில்தான் பதில் சொல்லியிருப்பேன், தப்பே இல்லாத தமிழில்.

6

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மார்ட்டினின் கடைக்குப் போனேன். ஒன்பதாவது குறையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தேன். என் வேலையில் கையெழுத்திட்ட அறிக்கை எதையும் நான் திரும்பப் பெற்றது கிடையாது. அந்தத் தாளை எழுதுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது.

அவர் காரணம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கடைக்காரர்.

"வானொலியில் இந்தப் பாட்டைத்தான் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்," என்றார். "சில விநாடி ஒலி இல்லை என்றால் அங்கே கருவி தானாகவே அபாய மணி அடிக்கும். வேறு பாட்டு தானாக ஓடத் தொடங்கிவிடும்."

பாட்டு நடுவில் நான்கு பேர் நடந்து போவதற்கு ஒரு நாட்டின் வானொலி பயப்படுகிறது. இதை அப்படியே ஜெபாவுக்குப் போனில் சொன்னேன்.

"வேற பாட்டைப் போடச் சொல்லு," என்றாள். "ஏழு இருக்குல்லா."

"வாங்குகிறவர்கள் தட்டு பழுது என்று திருப்பி அனுப்புவார்கள்," என்றார் மார்ட்டின். "உறையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். இது பிழை அல்ல என்று."

"ரோட்டுல ஸ்டிக்கர் ஒட்டிட்டா நிறுத்துனோம்? வேண்டாம்னு சொல்லு."

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகம் மலர்ந்து சொன்னார்: "அப்படியானால் இந்தக் கதையைப் பின்னட்டையில் போடுவோம். தூங்கும் பெண்கள், சவ ஊர்வலம். அருமையான கதை. விற்கும்."

மொழிபெயர்த்தேன்.  ஜெபா சொன்னாள்: "உள்ள இருக்கவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதானட்டி நிறுத்துனது. அதை அட்டையில போட்டு விக்கவா? எடத்தைத் திருப்பி வைக்கச் சொல்லு. அவ்வளவுதான். முடியாதுன்னா தட்டு வேண்டாம்."

முதல் தட்டு. மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரிடம் அதே குரலில், வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கூடவே என் பங்குக்கு ஒன்று கேட்டேன்: 'இரைச்சலிலிருந்து பிறந்த' என்ற வரியை எடுக்க வேண்டும். அது பொய். அந்த ஊரில் இரைச்சல் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் பாட்டு எழுதவில்லை. ஒலியை நிறுத்தத் தெரிந்தவர்களிடமிருந்து வந்த இசை இது.

மார்ட்டின் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "அந்தச் சுவர் எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மைக்ரானில் அளக்கிறவள், இரண்டு வருடம் உள்ளேயே இருந்தவள், எனக்குத் தெரியவில்லை.

பதினோரு விநாடியைத் திருப்பி வைத்தார். அதற்கு விலை இருந்தது. அச்சகத்தில் அவர்கள் முறை தவறிப்போனது, அடுத்த முறை ஆறு வாரம் கழித்து. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் ஏற்கெனவே பிடித்தாயிற்று. விழாவில் தட்டு இருக்காது. வானொலி வேறு பாட்டைப் போட ஒப்புக்கொள்ளவில்லை, இந்தப் பாட்டு இல்லையென்றால் எதுவும் இல்லை என்றுவிட்டது. சித்தி இணையத்திலும், பொங்கல் விழாக்காரர் இங்கேயும் கேட்டிருக்கக்கூடிய ஒரே இடம் அந்த வானொலிதான்.

தேவாவுக்குத் தகவல் சொன்னேன். "பேர் இருக்கட்டும் மேடம்," என்றார். "கதவு நம்பரு இன்னா போட்டீங்க கடைசில?"

"பக்கத்து வீட்டு நம்பர் போட்டு, 'அடுத்தது'ன்னு போட்டேன்."

"அவங்க வூட்டுக்கு தட்டு போயிடப் போவுது."

இதை எழுதலாமா என்று ஜெபாவிடம் கேட்டேன். "தட்டுல போடாத. நீ வேணும்னா எழுது. எங்க பெருமைன்னு எழுதாத, உன் தப்புன்னு எழுது," என்றாள். அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறேன்.

7

விழா போன ஞாயிறு. அங்கே மாலை நான்கு மணி, இங்கே மதியம் பன்னிரண்டரை. அதே கல்யாண மண்டபம், அதே சாப்பாட்டுக் கூடம். தேவாவின் தங்கை சுமதி தன் கைபேசியில் எனக்கு வீடியோ போட்டுவிட்டிருந்தார். இப்போது வேறொரு தொழிற்சாலையில் வேலை. அன்றும் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்திருந்தார். முதல் மூன்று பாட்டுக்குக் கையில் பிடித்திருந்தார். பிறகு கை வலிக்கிறது என்று போனை ஒரு சாம்பார் வாளியில் சாய்த்து வைத்தார். எனக்குக் கூரை, ஒரு மின்விசிறி, யாரோ ஒருவரின் தோள் மட்டும் தெரிந்தன.

வந்தவர்களில் விடுதிப் பெண்கள் அதிகம் என்றார் சுமதி. பழைய பேண்டு செட்டு ஆட்கள் பின்வரிசையில். கீபோர்டுக்காரரின் தேவாலயத்திலிருந்து கொஞ்சம் பேர். விற்க ஒரு தட்டு கூட இல்லை. ஜெபா மைக்கில் ஒன்றும் பேசவில்லை, பாட்டின் பெயரை மட்டும் சொன்னாள்.

தலைப்புப் பாட்டு தொடங்கியது. நான் கடிகாரத்தை ஓடவிடவில்லை. விட வேண்டியதில்லை, அந்தப் பாட்டு எனக்கு விநாடி விநாடியாகத் தெரியும். டிரம்பெட் மேலே ஏறியது. துண்டு இல்லாமல், அவ்வளவு பெரிய சத்தம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கேட்டது இதுதான் என்று சொன்னால் நம்ப முடியாது. நான்காவது நிமிடம். நின்றது.

மனத்துக்குள் எண்ணினேன். பதினொன்று வந்தது. டிரம்பெட் வரவில்லை.

பதினைந்து. இருபது. எனக்கு அவர்களுக்காகப் பதறியது. ஜெபா தவறவிட்டுவிட்டாளா, இத்தனை பேர் முன்னால். முப்பது. திரையில் மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. காலடி ஓசை கூட போன் வரை எட்டவில்லை, படம் உறைந்துபோனது போல் இருந்தது. தோள் அசையவில்லை. நாற்பது. இணைப்புதான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். துண்டித்துவிட்டு மறுபடி அழைக்கலாம் என்று சிவப்புப் பொத்தான் மேல் விரலைக் கொண்டுபோனேன்.

திரை ஆடியது. சுமதியின் முகம் மிகப் பக்கத்தில் வந்தது. உதட்டில் விரல் வைத்து, காற்றாகப் பேசினார்.

"கட் ஆவலக்கா. இன்னும் காம்பவுண்டு தாண்டல."